அந்தப் பக்கம் திரும்பு, குட்டி

கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தால், பால் பொங்கி, டீ போட்டு, ஆற்றிக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரலாம். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பதினோரு நிமிடம். குட்டி கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

குட்டி என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். வயது நாற்பத்தொன்று. நெற்றியோரம் ஒரு கொத்து நரை, மூக்கின் நுனியில் படிக்கிற கண்ணாடி. ஐந்து பேரில் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு விடவே இல்லை. மூத்தவர் அண்ணன். நடுவில் மூன்று அக்காக்கள், கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அப்பா அம்மா போன பிறகு குட்டியை வளர்த்தது அண்ணன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இவரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

அண்ணன் குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர். குட்டிக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது இருபது நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். ஆனால் அவர் வாயில் ஒரு சொல் உண்டு. "பார்க்கலாம்." இல்லை என்று சொல்லமாட்டார், முகத்தைச் சுளிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். பார்க்கலாம் என்பார். அதோடு அந்த விஷயம் கிணற்றில் போட்ட கல்தான்.

குட்டிக்கு இருபத்தாறு வயதில் வேறு ஊரிலிருந்து ஒரு வேலைக் கடிதம் வந்தது. பாடப்புத்தகம் போடுகிற பெரிய பதிப்பகம், தங்குவதற்கு விடுதியும் அவர்களே தருவார்கள். கடிதத்தைக் கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். "பரவாயில்லையே குட்டி!" என்று முதுகில் தட்டினார். "பார்க்கலாம்" என்று அலமாரி மேல் வைத்தார். அதன் மேல் ஒரு செய்தித்தாள் விழுந்தது, அதன் மேல் இன்னொன்று. சேரவேண்டிய தேதி வந்தது, போனது. அன்றைக்கு அண்ணன் அவளுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கி வந்தார். அவளும் சாப்பிட்டாள். வேறு என்ன செய்ய?

பிறகு உள்ளூர் அச்சகம் ஒன்றில் பதிமூன்று வருடம் புரூஃப் பார்த்தாள். ரயில் நேர அட்டவணை, தொலைபேசி எண் புத்தகம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற சீட்டு எல்லாம் அவள் கண் வழியாகத்தான் போகும். அந்த மருந்துச் சீட்டில் ஒருமுறை புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது, அப்படியே போயிருந்தால் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு மருந்து போயிருக்கும். அவள்தான் பிடித்தாள். முதலாளி மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அச்சகத்தை மூடிவிட்டார்கள். நாற்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதை இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். அண்ணன் உட்காருவார்.

இனி அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கூடத்து மூலையில், சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேசை. மேசைக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குள் விசிறி, விசிறிக்குள் தூசி. மெதுவாக ஓடுவதற்குத் தூசிதான் காரணம் என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவார். பிறகு மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி "ரெஃப்ரெஷ்" கொடுப்பார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. "பாரு, இப்ப எப்படி ஓடுதுன்னு" என்பார். எப்படி ஓடும்? நேற்று நொண்டியது போலவேதான் இன்றும் நொண்டும். ஆனாலும் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

திரையில் நான்கு வட்டங்கள் வரும், ஆளுக்கொரு கணக்கு. பெயர் வைத்தவரும் அவர்தான். தனக்கு "அட்மின்". அண்ணிக்கு "மேடம்". இரண்டு வருடமாக வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு "பாப்பா". கடைசியில், கொஞ்சம் கீழே, "குட்டி". யாரும் தங்கள் கணக்கிலிருந்து வெளியேறக் கூடாது என்பது இன்னொரு சட்டம். வெளியேறினால் "செட்டிங்ஸ் எல்லாம் போயிடும்" என்று அண்ணனுக்கு யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் தன் வட்டத்தை அமுக்கி உட்கார வேண்டியதுதான். நான்கு பேருடைய சாமானும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தே கிடக்கும். பெட்டியை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை. அடுத்த முறை போடும்போது, யார் யாரோ என்றைக்கோ ஏற்றிவைத்ததெல்லாம் அழைக்காமலே எழுந்து வந்து நிற்கும்.

அந்த நான்கு வட்டத்தில் அட்மினுக்கு மட்டும்தான் அதிகாரம். புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமா, இருப்பதை எடுக்க வேண்டுமா, திரை மங்கிப் போய் ஒரு பெட்டி வந்து நிற்கும். அட்மினின் கடவுச்சொல்லைப் போடு என்று கேட்கும். குட்டி சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அண்ணா, பாஸ்வேர்ட் கேக்குது."

அண்ணன் வருவார். துண்டில் கை துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல்.

"எதுக்குக் கேக்குது?"

"எழுத்துரு ஒண்ணு போடணும் அண்ணா."

"சரி, அந்தப் பக்கம் திரும்பு குட்டி."

அவள் திரும்பிக்கொள்வாள். நாற்காலியோடு, நல்ல பிள்ளையாக, சுவரைப் பார்த்து. பின்னால் டக் டக் டக் என்று எட்டுத் தட்டல் கேட்கும். பிறகு கொஞ்சம் பலமாக ஒன்று. "ம், திரும்பு" என்பார். வேலை முடிந்திருக்கும்.

அந்தச் சுவர் அவளுக்கு மனப்பாடம். தலை உயரத்தில் ஓர் ஆணி, அதில் எதுவும் மாட்டியதில்லை. ஆணியிலிருந்து இடது பக்கம் சாய்ந்து இறங்கும் ஒரு விரிசல். பழைய வண்ணத்துக்குமேல் புது வண்ணம் அடித்தபோது தூரிகையின் முடி ஒன்று ஒட்டிக்கொண்டு அப்படியே காய்ந்துவிட்டது. புரூஃப் பார்க்கிற கண் அல்லவா, அதையெல்லாம் விடுமா? எட்டுத் தட்டல் என்றால் ஏதாவது தேதியாக இருக்கும், அண்ணனின் கல்யாண நாளாக இருக்கலாம் என்று சுவரைப் பார்த்தபடியே யோசித்திருக்கிறாள். ஆனால் ஒருநாளும் ஓரக்கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அச்சகத்தில் கூட வேலை பார்த்தவள் சொல்லி, யாருக்கும் தெரியாமல் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில். வேறு ஊர், வேறு பதிப்பகம், அதே வேலை. விடுதி உண்டு. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே, தனியறையில், கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், போனில் எழுத முடியாது. அதற்கென்று ஒரு தேர்வுச் செயலி அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை மாலைக்குள் அதை ஏற்றி, இயந்திரம் தகுதியானதுதான் என்று ஒரு சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் தேர்வு கிடையாது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு கதவு இன்னொரு முறை திறக்காது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். விளம்பரத்திலேயே நாற்பத்திரண்டுக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருந்தார்கள்.

சோதனையை மட்டும் இணையத்திலேயே ஓட்டிப் பார்க்க வழி இருந்தது. பார்த்தாள். சிவப்பில் வந்தது. "உங்கள் இயந்திரத்தில் போதிய மெமரி இல்லை. இயங்கும் செயலிகளை மூடிவிட்டு மீண்டும் முயலவும்." மூடுவதற்கு அவள் எதைத் திறந்தாள்? அவள் பக்கம் ஒன்றுமே திறக்கவில்லையே! பிரஷ்ஷை எடுத்துத் தூசி தட்டினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரெஃப்ரெஷ்ஷும் கொடுத்துப் பார்த்தாள், பத்துத் தடவை. மறுபடியும் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை, அண்ணனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற சர்வீஸ் அக்காவுக்குப் போன் போட்டாள். ஐம்பது வயது அம்மாள், கரகரத்த குரல், பொறுமை என்றால் என்ன விலை என்று கேட்பவர். நான்கு வருடம் முன்பு ஒருமுறை இந்த வீட்டுக்கு வந்து இதே பெட்டியைப் பார்த்தவர்.

"ஓ, அந்த வீடா! அந்தப் பெட்டி இன்னும் உயிரோடதான் இருக்கா?" என்றார். "சரி, நான் சொல்றத அமுக்குங்க."

அவர் சொன்ன மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினாள். ஒரு பட்டியல் திறந்தது. மேலே தாவல்கள். அதில் "தொடக்கம்" என்பதை அமுக்கச் சொன்னார்.

"இதெல்லாம் என்னக்கா?"

"பொத்தானை அமுக்கினதும் தானா எந்திரிச்சு வர்றது எல்லாம் அதுல இருக்கும். எத்தனை இருக்கு, எண்ணுங்க."

எண்ணினாள். இருபத்திமூன்று.

"அடியாத்தி!" என்றார் அக்கா. "இருபத்திமூணு பேரு ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நின்னா எவன் உள்ள போறது?"

குட்டி சிவப்புப் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டாள். பழக்கம், கை தானாகவே போனது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாப்பாவின் விளையாட்டு. பாப்பாவின் பாட்டு. பாப்பாவின் அரட்டை, அதில் இரண்டு வகை. அண்ணிக்கு வானிலை, புகைப்படம் அடுக்குவது, அவருக்கே தெரியாமல் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு தள்ளுபடி விளம்பரம். அண்ணன் ஏற்றிய வைரஸ் காவல் மூன்று. மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்துச் சோதித்துக்கொண்டே இருக்குமாம், அக்கா சொன்னார். ஆறு வருடம் முன்பு பழுதாகிப் பரண் ஏறிவிட்ட பிரிண்டருக்கு ஒரு செயலி. அது தினமும் காலையில் எழுந்து பிரிண்டர் எங்கே, பிரிண்டர் எங்கே என்று தேடுகிறது. அதைப் படித்தபோது குட்டிக்கு என்னவோ செய்தது. இல்லாத ஒன்றைத் தேடித் தினமும் எழுந்திருப்பதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

"அக்கா, என் பேர்ல நாலுதான் இருக்கு. அத நிறுத்திட்டேன். மத்தது நிறுத்தினா பாஸ்வேர்ட் கேக்குது."

"கேக்கும். உங்க கணக்கு சாதாரணக் கணக்கு. பக்கத்துலயே 'பயனர்கள்'னு ஒண்ணு இருக்கும், பாருங்க. அங்க எத்தனை பேரு?"

"நாலு பேரும் இருக்கோம்."

"வெளியூர்ல படிக்கிற பொண்ணுமா?"

"ஆமாக்கா. அவளுக்குத்தான் நிறைய மெமரி போகுது."

"நல்லா இருக்கே கதை! லீவுக்கு வந்தப்ப தொட்டது, அப்படியே இருக்கா? அவங்க எல்லாரையும் வெளிய அனுப்பணும். அதுக்கும் அட்மின்தான் வேணும். உங்க அண்ணன்கிட்டயே கேளுங்களேன்."

கேட்டாள். அன்று மாலை அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். தேர்வு என்று சொல்லவில்லை. அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. அலமாரி மேல் செய்தித்தாளுக்கு அடியில் கிடந்த கடிதம் ஞாபகம் வந்தது, சொல் உள்ளே போய்விட்டது.

"அண்ணா, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. கொஞ்சம் எடுக்க வேண்டியது இருக்கு, ஒண்ணு ஏத்த வேண்டியது இருக்கு. பாஸ்வேர்ட் போட்டுக் குடுத்தா..."

"எடுக்கறதா? எதையும் எடுக்காத குட்டி. எல்லாம் வேணும்னுதான் வச்சிருக்கு."

"பிரிண்டரே இல்லையே அண்ணா. அதுக்கு எதுக்கு..."

"இருக்கட்டுமே, அது பாட்டுக்கு இருக்குது. உன்னை என்ன பண்ணுது?" சிரித்தபடியே தலையில் செல்லமாக ஒரு தட்டு. "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை! தேர்வு வியாழக்கிழமை. குட்டி அங்கேயே நின்றாள். அண்ணன் முகம் கழுவப் போய்விட்டார். அண்ணி நல்லவர்தான், ஆனால் "உங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. சாப்பாடு, துணிமணி, அன்பு, எல்லாம் உண்டு. வெளியே போகிற வழிதான் இல்லை. யாரும் பூட்டவும் இல்லை, அதுதான் கொடுமை. பூட்டியிருந்தால் தட்டிப் பார்க்கலாம், உடைத்துப் பார்க்கலாம், நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பதை யாரிடம் கொண்டுபோய் முறையிடுவது?

புதன்கிழமை வந்தது. வீடு காலியானது. குட்டி தேர்வுச் செயலியை ஏற்றிப் பார்த்தாள். திரை மங்கியது, பெட்டி வந்தது. பயனர்: அட்மின். கடவுச்சொல், அதற்குப் பக்கத்தில் வெற்றுக் கட்டம். கீழே ஆம், இல்லை. அண்ணனின் கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்க்கலாமா என்று விரலை எடுத்துக்கொண்டு போனாள். தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளுமோ, அண்ணனின் போனுக்குத் தகவல் போகுமோ என்று இழுத்துக்கொண்டாள். நாற்பத்தொரு வயதுப் பெண், காலி வீட்டில், தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திருடியைப் போல வாசலைப் பார்த்தாள். "இல்லை"யை அமுக்கினாள். சர்வீஸ் அக்காவுக்கு மறுபடியும் போன் போட்டாள்.

"அக்கா, பாஸ்வேர்ட் கிடைக்கல. சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும். வேற எதாவது வழி இருக்கா?"

"என்ன பாஸ்வேர்ட்?"

"அட்மின் பாஸ்வேர்டுக்கா. அண்ணன் தரமாட்டேங்கிறாரு."

அந்தப் பக்கம் ஸ்க்ரூ ஒன்று கிண்ணத்தில் விழுந்தது கேட்டது.

"அந்தக் கணக்குக்கு ஏதும்மா பாஸ்வேர்ட்?"

"என்னக்கா சொல்றீங்க?"

"நாலு வருஷம் முன்னாடி நான் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? உங்க அண்ணன் பாஸ்வேர்டை மறந்துட்டாரு. அதை எடுத்து விடத்தான் வந்தேன். எடுத்துட்டு, புதுசா ஒண்ணு போட்டுக்குங்க சார்னு சொன்னேன். பார்க்கலாம்னாரு. நீங்க அப்ப வேலைக்குப் போயிருந்தீங்க போல."

"இல்லக்கா, அவரு போடுவாரே. எட்டு எழுத்து. நான் கேட்டிருக்கேன்."

"கேட்டீங்க சரி. பார்த்தீங்களா?"

குட்டி திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"புதுசா போட்டிருந்தா எனக்குத் தெரியாது. எதுக்கும் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு ஆம்-ஐ அமுக்கிப் பாருங்களேன். ஒண்ணும் கடிச்சிடாது."

போனைக் கீழே வைத்தாள். செயலியை மறுபடி ஏற்றினாள். திரை மங்கியது, பெட்டி வந்தது. வெற்றுக் கட்டம். அவள் எதையும் தட்டவில்லை. ஆம்.

பெட்டி போய்விட்டது. திரை வெளிச்சமானது. செயலி ஏற ஆரம்பித்தது.

அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை. குட்டி அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு வந்தது கோபம், பொட்டலம் பொட்டலமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில். நான்கு வருடம்! மறந்துபோனதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, விசைப்பலகையை நகத்தால் தட்டி, அவளைச் சுவரைப் பார்க்க வைத்து நடத்திய நாடகம்! அந்த எட்டுத் தட்டலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவர் திரும்பு என்றார், அவள் திரும்பினாள், பூட்டு அவ்வளவுதான். அவளுக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சுவர் மேல்தான் அதிகமாக வந்தது. எழுந்து போய் அந்தத் தூரிகை முடியை நகத்தால் கீறி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். பெட்டியைத் தூக்கிப் போட்டு மிதிக்கவில்லை, கண்டதையும் அழிக்கவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பதிமூன்று வருடம் புரூஃப் பார்த்தவள் எப்படிச் செய்வாளோ அப்படிச் செய்தாள். பாப்பாவுக்குப் போன் போட்டு, "உன் கணக்குல சேமிக்காம எதாவது திறந்து வச்சிருக்கியா?" என்று கேட்டாள். "அத்தை, அது எந்தக் காலத்துப் பரீட்சைக்குப் படிச்சது, மூடிடுங்க!" என்று சிரித்தது பெண். பாப்பாவை வெளியே அனுப்பினாள். மேடத்தை அனுப்பினாள். அட்மினை அனுப்புகிறபோது மட்டும் ஒரு கணம் கை நின்றது. அனுப்பினாள். தொடக்கப் பட்டியலில் பென்சிலால் அடித்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். காவல்காரர்கள் மூவரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டாள். பிரிண்டர் தேடுகிற செயலியைக் கடைசியாக எடுத்தாள். "போதும், போ" என்று வாய்விட்டே சொன்னாள்.

அணைத்துப் போட்டாள். பாலை அடுப்பில் வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை. ஐம்பது நொடியில் நான்கு வட்டமும் வந்து நின்றன.

சோதனை பச்சையில் வந்தது. அதன் பிறகு இரண்டு காரியம் செய்தாள். "குட்டி" என்ற கணக்குக்கும் அட்மினுக்கு உள்ள அதிகாரத்தைக் கொடுத்தாள். அண்ணனின் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் போட்டாள். இதை ஏன் செய்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். எட்டு இலக்கம். பதினைந்து வருடம் முன்பு அலமாரி மேல் போன கடிதத்தில் இருந்த, வேலையில் சேரவேண்டிய தேதி. அதை அவள் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, எழுதி வைக்கத் தேவையும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை, வீடு காலியான பிறகு கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தேர்வு எழுதினாள். முப்பது பக்கம், ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒருமுறைகூட வட்டம் சுற்றவில்லை. சனிக்கிழமை மதியம் பதில் வந்தது. ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடி வைத்தாள். தேர்வு எழுதுவது சுலபம், இனிமேல்தானே கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் டீ டம்ளரும் பெயின்ட் பிரஷ்ஷுமாக வந்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அந்தப் பெட்டியைத் தொடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பொத்தானை அமுக்கிவிட்டுப் பிரஷ்ஷை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது.

"அட! பார்த்தியா குட்டி? போன வாரம் தூசி தட்டினேன்ல, எப்படி வேலை செய்யுது பாரு!"

தன் வட்டத்தை அமுக்கினார். கட்டம் வந்தது. மறுபடியும் அமுக்கினார். கட்டம் போகவில்லை. அண்ணன் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"குட்டி... இது என்னமோ பாஸ்வேர்ட் கேக்குதே?"

அவள் சமையலறையிலிருந்து வந்தாள், துண்டில் கை துடைத்துக்கொண்டு.

"எப்பவும் கேக்குறதுதானே அண்ணா?"

அண்ணனின் காது மடல் சிவந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"நான்தான் புதுசா ஒண்ணு போட்டேன்" என்றாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க அண்ணா."

அவர் சிரித்தார். எப்போதும் சிரிப்பது போல, இதெல்லாம் விளையாட்டு என்பது போல. அவள் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள். அண்ணனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது. நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிக்கொண்டார், ஆணியையும் விரிசலையும் பார்த்து.

பின்னாலிருந்து பார்த்தால் அண்ணனின் உச்சந்தலையில் முடியே இல்லை. கழுத்து சுருங்கியிருந்தது. எப்போது இப்படி வயதானது இவருக்கு என்று குட்டிக்குத் துக்கமாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் அவளால் சொல்ல முடிந்திருக்காது. இந்த முதுகிடம் சொல்லலாம். எட்டு இலக்கத்தையும் தட்டினாள், பலமாகத் தட்ட வேண்டிய கடைசி ஒன்றை மட்டும் தட்டாமல் நிறுத்தினாள்.

"அண்ணா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு. வெளியூர்ல. ஒண்ணாம் தேதி கிளம்புறேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"யாருகிட்ட கேட்ட?" என்றார் மெதுவாக.

"யாருகிட்டயும் கேக்கல அண்ணா. சொல்றேன்."

"சரி, பார்க்..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லை முடிக்கவில்லை. தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. கையை எடுத்து எதிரில் இருந்த விரிசலைத் தடவிப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்ப்பவர் போல. அவர் அந்தப் பக்கமாக உட்கார்ந்ததே இல்லை அல்லவா.

"குட்டி" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"நான் இப்ப திரும்பலாமா?"

குட்டி அந்தக் கடைசிப் பொத்தானைத் தட்டினாள். திரை உடனே திறந்தது.

"ம், திரும்புங்க" என்றாள்.